70 வளைவுகளுக்கு மேலே ஒரு மாவுப்பூச்சி: கொல்லிமலை சொல்லும் பாடம் என்ன?

வார இறுதி வந்தால் போதும், காரவள்ளி அடிவாரத்தில் பைக்குகள் வரிசை கட்டிவிடும். மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் சோளக்காடு, செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. ஊர் திரும்பியதும் ஒரு ரீல்ஸ். அதற்கு ஒரு கேப்ஷன்: 'மனிதன் கை படாத காடு.'

அந்த வீடியோவைக் கொஞ்சம் பாஸ் செய்து பார்க்கலாம். பைக்குக்குப் பின்னால், சரிவு முழுக்கப் பச்சையாகத் தெரிவது நிறைய இடங்களில் காடே இல்லை. விரித்த கைவிரல் மாதிரி இலைகளோடு நிற்பது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. சொந்த ஊர் தென் அமெரிக்கா. பக்கத்தில் மிளகுக் கொடியைத் தாங்கி நிற்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் நிழலில் உள்ள காபி, ஆப்பிரிக்காவிலிருந்து. அன்னாசியும் தென் அமெரிக்காதான்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. மிளகாயும் தக்காளியும்கூட அப்படி வந்தவைதான். ஆனால் ஒரு செடி கடல் தாண்டி வந்தால், அதைத் தின்னும் பூச்சியும் ஒருநாள் அதைத் தேடி வந்து சேரும். மரவள்ளி விஷயத்தில் அந்த நாள் 2020-ல் வந்தது. வந்தது ஒரு மாவுப்பூச்சி. அதை அடக்க 2022-ல் நாமே இறக்கியது ஒரு குட்டிக் குளவி. கடுகு அளவுகூட இல்லாத இந்த இரண்டும்தான் இன்று நாமக்கல், சேலம் வட்டாரத்தின் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன.

தினையிலிருந்து கிழங்குக்கு

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது கொல்லிமலை. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது; கேரளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை இவர்களின் பரம்பரைப் பயிர்கள். ஒரே சாமையிலேயே பல ரகங்களை விதைத்து, விதையைத் தாங்களே சேமித்து வைத்தவர்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த ரகங்களைக் காப்பாற்ற இங்கே வேலை செய்துவருகிறது. அப்படி ஒரு அமைப்பு வந்து காப்பாற்ற வேண்டிய நிலை ஏன் வந்தது? சிறுதானிய வயல்கள் கிழங்குத் தோட்டங்களாக வேகமாக மாறிக்கொண்டிருந்ததால்தான்.

காரணம் சேலத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது தடைபட, 1940-களில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் தொடங்கியது. பிறகு சேகோ ஆலைகள் சேலம், நாமக்கல் முழுக்கப் பரவின. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிராவில் விரத நாளில் சாப்பிடும் ஜவ்வரிசி கிச்சடிக்கு மூலப்பொருள் இந்தப் பக்கத்து மண்ணிலிருந்தும் போகிறது.

ரோடு வந்தது, ஆலை வந்தது, லாரி தோட்டத்துக்கே வந்து கிழங்கு எடுக்க ஆரம்பித்தது. சாமையை அறுத்து, அடித்து, உரலில் குத்தி அரிசியாக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தலையில். ரேஷன் கடையில் அரிசியும் கிடைக்கிறது. இந்த நிலையில் எந்தக் குடும்பமும் கிழங்கின் பக்கம்தான் போகும். அதைக் குறை சொல்ல, வார இறுதிக்கு மட்டும் மலை ஏறுகிறவர்களுக்கு உரிமை கிடையாது.

ஆனால் விளைவு என்ன? பல பயிர்கள் இருந்த சரிவில் ஒரே பயிர். அதுவும் விதையிலிருந்து வருவதில்லை, குச்சியை வெட்டி நடுவது. ஒரே ரகம், ஒரே மாதிரி செடி, ஏக்கர் கணக்கில். அதைச் சாப்பிடும் பூச்சி ஒன்று வந்தால், அதற்கு இதைவிடப் பெரிய பந்தி கிடைக்காது.

யார் இந்த மாவுப்பூச்சி?

மாவுப்பூச்சியில் பல வகை உண்டு. இங்கே பேசுவது மரவள்ளி மாவுப்பூச்சி. அறிவியல் பெயர் ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. செடியின் நுனிக் குருத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இலைகள் சுருண்டு முடிச்சுப் போட்ட மாதிரி ஆகும். கணுக்களுக்கு இடையிலான தூரம் குறையும். தண்டு கோணலாகும். மேலே செடி வளராவிட்டால் கீழே கிழங்கும் பெருக்காது.

இதில் ஆண் பூச்சியே தேவையில்லை. எல்லாமே பெண். ஒவ்வொன்றும் தனியாகவே நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். ஆக, ஒரே ஒரு பூச்சி புதிய தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால்கூட போதும். உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்துத் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது.

பூச்சிக்குத் தானாக ஊர் விட்டு ஊர் போகத் தெரியாது. சின்னக் குஞ்சுகள் காற்றில் கொஞ்ச தூரம் போகலாம். தொலைதூரப் பயணம் எல்லாம் மனிதன் தயவில்தான். அறுவடை முடிந்ததும் வெட்டி வைத்த விதைக்குச்சிகள் கட்டுக் கட்டாக வேன் ஏறி வேறு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போகின்றன. கணுவில் ஒட்டிக்கொண்டு பூச்சியும் போகிறது, டிக்கெட் இல்லாமல்.

இந்தியாவில் இது 2020-ல் கேரளத்தின் திருச்சூர் பக்கம் முதன்முதலில் கண்டறியப்பட்டது. சீக்கிரத்திலேயே தமிழ்நாட்டின் மரவள்ளி வட்டாரத்துக்கும் வந்துவிட்டது. நாமக்கல், சேலம் மாவட்டங்களில் கடும் பாதிப்பு.

விவசாயியின் கணக்கில் இது எப்படி அடிக்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஆலைக்குப் போகும் கிழங்குக்கு எடை மட்டும் பார்ப்பதில்லை. மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். பூச்சி அடித்த தோட்டத்தில் கிழங்கின் எடையும் குறையும், பாயிண்டும் குறையும். ஒன்பது, பத்து மாதம் காத்திருந்து எடுக்கும் பயிர் இது. மழையை மட்டும் நம்பி இருக்கும் மலைத் தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரே வாய்ப்பு. அது போனால், அந்த வருஷமே போச்சு.

ஆப்பிரிக்கா ஏற்கெனவே பார்த்த படம்

1970-களின் தொடக்கத்தில் இதே பூச்சி காங்கோ பகுதியில் தலைகாட்டியது. ஆப்பிரிக்காவில் மரவள்ளி என்பது கோடிக்கணக்கான மக்களின் தினசரிச் சாப்பாடு. பத்தே வருஷத்தில் கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பூச்சி பரவியது. சில இடங்களில் விளைச்சல் 80 சதவீதம் வரை விழுந்தது.

நைஜீரியாவின் இபதானில் உள்ள வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சுவிட்சர்லாந்து பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன், மருந்தைத் தேடவில்லை. பூச்சியின் சொந்த ஊரில் அதைக் கட்டுப்படுத்துவது யார் என்று தேடச் சொன்னார். 1981-ல் பராகுவேயில் விடை கிடைத்தது: அனகைரஸ் லோபெசி என்ற குளவி. நீளம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளேயே சாப்பிட்டு வளர்ந்து, பூச்சி வெறும் கூடாக மாறியதும் ஓட்டை போட்டு வெளியே வரும். அந்தக் குளவி ஆப்பிரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைபெற்றது. இதனால் தப்பிய உயிர்கள் 2 கோடி வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2008-ல் பூச்சி தாய்லாந்துக்குப் போனது. அவர்களும் ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து இதே குளவியைக் கொண்டுவந்து நிலைமையைச் சமாளித்தார்கள். நம் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனமும் (பெங்களூரு) அதே பெனினிலிருந்து குளவியை இறக்குமதி செய்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாகத் தோட்டத்தில் விட்டது.

ஒரு அந்நியனை விரட்ட இன்னொரு அந்நியனா?

நியாயமான கேள்வி. இதற்கு உலகம் சொல்லும் கெட்ட உதாரணம் ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரை. கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க 1935-ல் சுமார் நூறு தேரைகளைக் கொண்டுவந்தார்கள். தேரை வண்டைக் கண்டுகொள்ளவில்லை; கிடைத்த மற்றதை எல்லாம் தின்றது. அதைத் தின்ற உள்ளூர் விலங்குகள் விஷத்தில் செத்தன. இன்று தேரைகள் கோடிக்கணக்கில்.

நல்ல உதாரணங்கள் நம்மிடமே உண்டு. 1926-ல் தென்னிந்தியாவில் காடு, மேடு எல்லாம் மண்டிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை அடக்க, அதன் மேல் மட்டுமே வாழும் ஒரு செதில் பூச்சி விடப்பட்டது. சில வருஷங்களில் பெரும் பரப்பில் கள்ளி காணாமல் போனது. இன்று கிராமத்தில் பார்க்கும் தரிசுகளின் தோற்றத்துக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டுப் பூச்சி இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2008-ல் கோவையில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சியும் இப்படித்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிகள் சில மாதங்களில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தன.

தேரைக்கும் குளவிக்கும் வித்தியாசம் ஒன்றுதான். தேரை எதையும் தின்னும். இந்தக் குளவி குறிப்பிட்ட மாவுப்பூச்சியைத் தவிர வேறு எதையும் நாடிப் போவது மிக அரிது. இரை குறைந்தால் குளவியும் குறையும். அந்த ஒட்டுறவை ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் எதையும் திறந்துவிடக் கூடாது என்பதுதான் தேரை கற்றுக்கொடுத்த பாடம்.

ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குளவி விட்ட தோட்டத்தில் பழைய பழக்கத்தில் மருந்து அடித்தால், மெழுகுச் சட்டை போட்ட மாவுப்பூச்சி தப்பிக்கும், குளவி செத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய மருந்து, இலவசமாகக் கிடைத்த காவலாளியைக் கொல்லும். இதைத் தோட்டத்தில் நின்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இது விவசாயப் பிரச்சினை, காட்டுக்கு என்ன?

பூச்சிக்கு வேலி தெரியாது. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் இருக்கும் கரந்தமலையை 2022-ல் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பைத்திய எறும்பு என்று அழைக்கப்படும் எறும்புகள் காட்டோரக் கிராமங்களில் பெருகி, ஆடு, மாடுகளின் கண்களைத் தாக்கின. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் எறும்பு இது. மலைக்குள் பட்டி போட்டிருந்தவர்கள் அந்த இடத்தையே விட்டு இறங்கினார்கள். உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இந்த எறும்பும் இருக்கிறது.

இதே எறும்பு, இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது. அந்த நண்டுகள்தான் காட்டின் தரையில் விழும் இலைகளையும் முளைக்கும் கன்றுகளையும் தின்று தரையைச் சுத்தமாக வைத்திருந்தன. நண்டு போனதும் தரை முழுக்கப் புதர் மண்டியது. ஒரு எறும்பு ஒரு காட்டின் உருவத்தையே மாற்றியது. அந்த எறும்புக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? மரங்களில் சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புத் திரவத்திலிருந்து. அதனால் 2016-ன் இறுதியில், அந்தச் செதில் பூச்சியைத் தாக்கும் ஒரு மலேசியக் குட்டிக் குளவியை அங்கே விட்டார்கள்.

மாவுப்பூச்சியும் இதே இனிப்புத் திரவத்தை வெளியேற்றும் சாறு உறிஞ்சிதான். எறும்புகள் அதை ஆடு மேய்ப்பது மாதிரி காவல் காத்து மேய்க்கும். தோட்டத்தில் மாவுப்பூச்சி, ஓரத்தில் எறும்பு, அதற்கு அப்பால் காடு. கொல்லிமலை மாதிரி தோட்டமும் சோலைக்காடும் கோயில்காடும் ஒட்டி ஒட்டி இருக்கும் மலையில் இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு வரப்புதான் இடைவெளி.

சட்டம் எங்கே நிற்கிறது?

வெளிநாட்டிலிருந்து வரும் செடி, விதைகளைச் சோதிக்க 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது. ஆனால் உள்ளே வந்துவிட்ட பூச்சி மாநிலத்துக்கு மாநிலம் போவதைத் தடுக்க நம் கையில் இருப்பது 1914-ம் ஆண்டின் அழிக்கும் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதற்குப் பதிலாக ஒரு முழுமையான அமைப்பை உருவாக்க 2013-ல் மக்களவையில் வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா அறிமுகமானது. அவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. தமிழ்நாடு அரசு 2022-ல் ஊடுருவும் அந்நியத் தாவரங்களுக்கு ஒரு கொள்கை கொண்டுவந்தது. பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் அது செடிகளுக்கானது. எறும்பும் மாவுப்பூச்சியும் அதில் வராது.

உலக அளவில் இது சின்ன விஷயமும் இல்லை. ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழுவின் 2023 அறிக்கைப்படி, 37,000-க்கும் அதிகமான உயிரினங்களை மனிதர்கள் புதிய இடங்களுக்குக் கொண்டுபோய் நிலைபெற வைத்திருக்கிறார்கள். அதில் 3,500-க்கும் மேற்பட்டவை தீங்கு செய்பவை. 2019-ல் மட்டும் ஏற்பட்ட இழப்பு 42,300 கோடி டாலருக்கு மேல்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், குச்சிக்குக் கணக்கு வேண்டும். பூச்சியில்லாத விதைக்குச்சிகளை வளர்த்துக் கொடுக்கும் நாற்றங்கால்கள் மரவள்ளி வட்டாரம் முழுக்கத் தேவை. வேறு மாநிலத்துக் குச்சி லாரி ஏறுவதற்கு முன் சோதனை வேண்டும். நடுவதற்கு முன் குச்சியை மருந்துக் கரைசலில் முக்கி எடுக்கும் எளிய வேலையை, மலைக்கிராமம் வரை சொல்லிக்கொடுக்க வேண்டும். கொல்லிமலைக்கு மேலே போக இருப்பது சில சாலைகள்தான். மனது வைத்தால் இங்கே கண்காணிப்பது சமவெளியைவிட எளிது.

இரண்டாவது, குளவி விட்டதோடு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது, எங்கே மருந்தால் செத்தது என்பதைத் தொடர்ந்து பார்த்து, அந்தத் தகவலை விவசாயிகளுக்குப் புரியும் தமிழில் வெளியிட வேண்டும்.

மூன்றாவது, ஒரே பயிரை நம்பி ஒரு மலையை விட்டுவைப்பது ஆபத்து. 'பழையபடி சாமைக்குப் போங்க' என்று பழங்குடி மக்களுக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை. சாமைக்குக் கட்டுபடியாகும் விலை கொடுக்க வேண்டும், உமி நீக்கும் இயந்திரம் ஊருக்குள் வர வேண்டும். 2023-ல் நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதே வழியில் கொல்லிமலையின் சாமையையும் தினையையும் அரசு வாங்கினால், கிழங்கு தோற்கும் வருஷத்தில் ஒரு குடும்பத்துக்குக் கைகொடுக்க வேறொன்று இருக்கும். பல பயிர் என்பது மலைக்காரர்களின் பழைய இன்சூரன்ஸ். அதன் பிரீமியத்தை அவர்கள் மட்டுமே கட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'வீட்டு மாடியில் வைக்கலாமே' என்று மலையிலிருந்து குச்சியோ கன்றோ ஒடித்து எடுத்து வராதீர்கள். கீழேயிருந்து செடி, மண் எதையும் மேலே கொண்டுபோகாதீர்கள். சோளக்காடு சந்தையில் பழம், மிளகு வாங்குங்கள். சாமை அரிசி கிடைத்தால் கூடவே இரண்டு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை 70-வது வளைவைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, ஒரு குச்சிக்கிழங்குச் செடியின் குருத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், கை வைக்காமல். இலை நேராக விரிந்திருந்தால் அந்தத் தோட்டத்துக்காரருக்கு இந்த வருஷம் பாயிண்ட் கிடைக்கும். சுருண்டு வெள்ளையாக இருந்தால், எங்கேயோ ஒரு லாரியில் சோதிக்காமல் ஏறிய குச்சிக்கட்டுக்கு அவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.